நல்ல கொழுப்பும் கால் ரத்தக் குழாய் அடைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் ரத்த ஓட்டத்தை அளந்து பார்க்கும் அறையில் எனக்கு வேலை. ஒரு ஆளுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஆகும். படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றி இறக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் பையிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். விரல் போய் நிற்கும் இடம் அநேகமாக எச்டிஎல், அதாவது 'நல்ல கொழுப்பு' என்கிற வரிதான். ஒரே சந்தேகத்தை வெவ்வேறு வாயால் கேட்டுக் கேட்டு, பதில்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

சிஸ்டர், கொழுப்புல நல்லது கெட்டதுன்னு எப்படிப் பிரிக்கிறாங்க? ரெண்டும் கொழுப்புதானே?

சரியான கேள்வி. கொலஸ்ட்ரால் ஒன்றுதான். அது எண்ணெய் மாதிரி, ரத்தத்தில் தானாகக் கரையாது. அதனால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த சின்னச் சின்ன உருண்டைகளுக்குள் ஏறித்தான் பயணம் செய்யும். எல்டிஎல் என்ற உருண்டை கொலஸ்ட்ராலை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. அதிகமாக இருந்தால் குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. எச்டிஎல் அதைவிடச் சின்னது, கெட்டியானது. எடையில் ஏறக்குறைய பாதி புரதம். அதில் முக்கியமான புரதத்துக்கு அப்போ ஏ-1 என்று பெயர்.

குழாய்ச் சுவரில் கொழுப்பைத் தின்று வீங்கிக் கிடக்கும் செல்களிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொண்டு ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோவது எச்டிஎல்லின் வேலை. ஈரல் அதைப் பித்தநீரோடு வெளியே தள்ளும். 'நல்ல' என்ற பட்டம் இந்த வேலைக்காகக் கொடுத்தது. ரிப்போர்ட்டில் இருப்பது வேறு: எச்டிஎல் உருண்டைகளுக்குள் அந்த நேரத்தில் எவ்வளவு கொலஸ்ட்ரால் உட்கார்ந்திருந்தது என்ற அளவு மட்டும். வேலை எப்படி நடக்கிறது என்று அது சொல்லாது. கீழே வரும் பல பதில்கள் இந்த வித்தியாசத்தில்தான் வந்து நிற்கும்.

கால் வலின்னு வந்தா கொழுப்பு டெஸ்ட் எழுதித் தர்றாங்க. காலுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?

இதயத்துக்குப் போகும் குழாயில் கொழுப்பு படிந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் என்றால் பக்கவாதம். அதே சங்கதி காலுக்குப் போகும் தமனியில் நடந்தால் புறத் தமனி நோய். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும், நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். இதை 'நரம்பு இழுக்குது' என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். நம் பேச்சில் நரம்பு, தமனி, சிரை எல்லாமே நரம்பு. அதனால் நரம்பு சுருட்டலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து இரண்டு வருடம் போக்கிவிட்டு வந்தவர்களையும் பார்க்கிறேன். சுருட்டல் என்பது ரத்தம் திரும்பி வரும் சிரையில். நான் சொல்வது ரத்தம் இறங்கும் தமனியில்.

இன்னொன்று. கால் தமனியில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் கழுத்துக் குழாயிலும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கால் வலிக்காக வந்தவருக்கு இதயத்தையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். பணம் பிடுங்க இல்லை.

கையில பிரஷர் பாத்தாச்சே, கணுக்கால்ல எதுக்கு மறுபடியும்?

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருவது ஏபிஐ. கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.70. நல்ல காலில் இந்த எண் 1-ஐ ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஊசி கிடையாது, வலி கிடையாது.

என் எச்டிஎல் 34தான். அதனாலதான் கால் அடைச்சிருக்கா?

அப்படி நேர்க்கோடு போட முடியாது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற பெரிய ஆய்வில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கு இடங்களிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆணுக்கு 40-க்குக் கீழே, பெண்ணுக்கு 50-க்குக் கீழே என்பது குறைவான எச்டிஎல். அந்தக் கணக்கில் 72.3 சதவீதம் பேருக்குக் குறைவு. 2014-இல் வெளியான முடிவு இது. நூற்றில் 72 பேருக்கு உள்ள ஒன்றை வைத்து 'உன் கால் இதனால்தான் அடைத்தது' என்று எப்படிச் சொல்வது?

ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க ஆண் மருத்துவர்கள் சுமார் 15,000 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது. யாருக்குக் கால் தமனி அடைக்கும் என்பதைக் கொழுப்பு எண்களில் மிக நன்றாக முன்கூட்டிச் சொன்னது மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்த விகிதம். அந்த விகிதம் மிக அதிகமாக இருந்த நான்கில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த நான்கில் ஒரு பங்கினரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஆபத்து.

முன்கூட்டிச் சொல்வது வேறு, காரணமாக இருப்பது வேறு. பீடி குடிப்பவருக்கு எச்டிஎல் குறையும், சர்க்கரை உள்ளவருக்குக் குறையும், தொப்பையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பும் ஏறினால் குறையும். இதே மூன்றும் கால் குழாயையும் கெடுக்கின்றன. குறைந்த எச்டிஎல் திருடனா, திருடன் வந்து போன வீட்டில் திறந்து கிடக்கும் கதவா என்பதுதான் கேள்வி. அடுத்த இரண்டு பதிலில் அது வரும்.

சரி, குறைஞ்சா ஏத்துறதுக்கு மாத்திரை இருக்குமே? அதை எழுதித் தர மாட்டேங்கிறாரு டாக்டர்.

இருந்தது. ஒன்றுக்கு ஐந்து. அந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வு 1977-இல் சொன்னதிலிருந்து, ஏற்றினால் குறையும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. முதலில் நியாசின், அதாவது பி வைட்டமினில் ஒன்றை அதிக அளவில் கொடுப்பது. எச்டிஎல் ஏறும், முகம் சிவந்து எரியும். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மேல்கொண்டு நியாசின் கொடுத்த எய்ம்-ஹை ஆய்வைப் பலன் தெரியவில்லை என்று 2011-இல் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு 25,673 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை. சர்க்கரை கூடியது, ரத்தக்கசிவும் தொற்றும் கூடியது. உங்கள் டாக்டர் எழுதித் தராமல் இருப்பதற்கு இதுவே போதும்.

அடுத்து வந்தவை எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ரால் வேறு உருண்டைக்கு மாறுவதைத் தடுக்கும் மாத்திரைகள். முதலாவது டார்செட்ராபிப். சுமார் 15,000 பேர். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, எல்டிஎல்கூட இறங்கியது. பார்க்க எவ்வளவு அழகான ரிப்போர்ட்! ஆனால் மருந்து சாப்பிட்ட பக்கத்தில் இறப்பு அதிகமாக இருந்ததால் 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. அடுத்து டால்செட்ராபிப், அதற்கடுத்து எவாசெட்ராபிப். இரண்டிலும் எச்டிஎல் ஏறியது, பலன் பூஜ்யம். கடைசியில் அனாசெட்ராபிப் மட்டும் 30,449 பேரிடம் இதய நிகழ்வுகளை 9 சதவீதம் குறைத்தது. எச்டிஎல் இரண்டு மடங்கானது, ஆனால் கிடைத்த பலன் கெட்ட கொழுப்பு இறங்கிய அளவுக்குத்தான் இருந்தது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். தயாரித்த நிறுவனமும் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை.

நம்பர் அவ்வளவு ஏறியும் ஏன் பலிக்கலை?

நகராட்சிக் குப்பை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு ஊரில் உள்ள வண்டிகளை எல்லாம் நிறுத்தி, உள்ளே எவ்வளவு குப்பை இருக்கிறது என்று எடை போடுகிறீர்கள். 60 டன். தெரு சுத்தமாக இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? வண்டி சுறுசுறுப்பாக ஓடி நிறைந்திருக்கலாம். குப்பைக் கிடங்கின் கேட்டைப் பூட்டிவிட்டதால் கொட்ட வழியில்லாமல் வண்டிகள் நிறைந்தபடியே வரிசையில் நிற்கவும் செய்யலாம். இரண்டுக்கும் எடை ஒன்றுதான்.

கேட் பூட்டிய கதை உடம்பில் உண்மையாகவே இருக்கிறது. எச்டிஎல்லிடமிருந்து கொலஸ்ட்ராலை இறக்கிக்கொள்ள ஈரலில் ஒரு வாசல் உண்டு. பிறவியிலேயே அந்த வாசலின் மரபணு கெட்டவர்களுக்கு எச்டிஎல் மிக உயரமாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு இதய நோய் குறையவில்லை, கூடுகிறது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே இன்னொரு மரபணு ஆய்வு வந்திருந்தது. பிறவியிலிருந்தே எச்டிஎல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி பிறந்தவர்களுக்கு மாரடைப்பு கொஞ்சமும் குறையவில்லை. எல்டிஎல்லில் இப்படி இல்லை. பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு தெளிவாகக் குறைவு. முன் பதிலில் கேட்டேனே, திருடனா திறந்த கதவா என்று? எச்டிஎல் அளவு பெரும்பாலும் திறந்த கதவு.

வேலை செய்யாத எச்டிஎல்னு ஒண்ணு இருக்காமே? யூடியூப்ல சொன்னாங்க.

யூடியூபில் சொல்வதில் இது உண்மை. கொலஸ்ட்ராலை வாங்கிப் போவதோடு எச்டிஎல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. குழாயின் உள் தோல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கத் தூண்டும். அது இருந்தால்தான் குழாய் தேவைக்கு விரியும். எல்டிஎல் கெட்டுப்போகாமல் காக்கும், அழற்சியைத் தணிக்கும். நடக்கும்போது கால் தசைக்கு ரத்தம் பல மடங்கு வேண்டும், அப்போது குழாய் விரிய வேண்டும். கால் நோயில் எச்டிஎல்லின் இந்த வேலை கவனிக்கப்படுவது அதனால்தான்.

இந்த வேலைகள் கெடும் வழிகள் பல. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது சர்க்கரை மூலக்கூறுகள் அப்போ ஏ-1 மேல் ஒட்டிக்கொள்ளும். அழற்சி உள்ள இடத்தில் வெள்ளை அணுக்கள் விடும் ஒரு நொதி அதே புரதத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பெரிய தொற்று வந்தால் சீரம் அமிலாய்ட் ஏ என்ற வேறு புரதம் வந்து அப்போ ஏ-1-ஐ இடத்தை விட்டுத் தள்ளும். சிறுநீரகம் கெட்டவர்கள், புகைப்பவர்களுக்கும் எச்டிஎல்லின் தரம் குறைகிறது. சர்க்கரை, புகை, சிறுநீரகக் கோளாறு, ஆறாத புண். கால் அடைத்து எங்கள் அறைக்கு வருபவர்களின் பட்டியலும் இதுதான்.

அப்ப எச்டிஎல் வேலை செய்யுதான்னு பாக்குற டெஸ்ட் எங்க எடுக்கலாம்? எவ்வளவு ஆகும்?

நம் ஊரில் எங்கும் எடுக்க முடியாது. எந்த லேபாவது பாக்கேஜில் சேர்த்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில், தட்டில் வளர்த்த எலியின் வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் வைத்த கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்து, உங்கள் ரத்தத்தின் நீர்ப்பகுதியை ஊற்றி, சில மணி நேரத்தில் எவ்வளவு வெளியே இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். இதைத்தான் கொலஸ்ட்ரால் இழுக்கும் திறன் என்கிறார்கள். கூடத்துக்குக் கூடம் முறை மாறும்.

ஆனால் அந்தச் சோதனை சொன்ன சேதி பெரிது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 2,924 பேரிடம் அளந்து ஒன்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2014-இல் வந்தது. இழுக்கும் திறன் மிக அதிகமாக இருந்த நான்கில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த நான்கில் ஒரு பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 67 சதவீதம் குறைவு. மற்ற காரணிகளைக் கழித்துப் பார்த்ததும் அதே ஆட்களின் எச்டிஎல் எண்ணுக்குச் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை.

அது இதயத்துக்குச் சொன்னது. காலுக்கும் அப்படியேதானா?

கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை.

அப்படியே தூக்கி வைக்க முடியாது. எச்டிஎல்லின் வேலையைப் பற்றிய பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் இதயத்தைச் சுற்றியே நடந்தவை, காலுக்கு என்று நடந்தவை குறைவு. கால் நோயும் ஒரே மாதிரி கிடையாது. தொடையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு, இதயத்தில் நடப்பதற்கு நெருக்கம். முட்டிக்குக் கீழே, அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, கதை வேறு. வெட்டி எடுத்த கால்களின் தமனிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். முட்டிக்குக் கீழே பல குழாய்களைக் கொழுப்பு அடைக்கவில்லை, ரத்தக்கட்டி அடைத்திருந்தது. சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பும் ஏறியிருந்தது. கொழுப்பை இழுக்கும் திறன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே ரத்தக்கட்டிக்கு என்ன செய்ய முடியும்?

இன்னொரு சிக்கல், 'விளைவு' என்று எதைச் சொல்கிறோம் என்பது. இதயத்தில் மாரடைப்பையும் இறப்பையும் எண்ணினால் போதும். கால் நோயாளிக்கு இரண்டு கணக்கு: ஒன்று மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு, மற்றது காலை இழப்பது, மறுபடி அடைப்பது. முதல் கணக்கு குறைந்தால் இரண்டாவதும் குறையும் என்று கட்டாயம் இல்லை. கொழுப்பு எண்ணை வைத்து உங்கள் காலின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்.

எனக்கு எச்டிஎல் 58. நல்லா இருக்குன்னு ரிப்போர்ட்லயே பச்சைக் கலர்ல போட்டிருக்கு. கால் எப்படி அடைச்சுது?

மேலே குப்பை வண்டிக் கணக்கைப் படித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மீதி: 30 வருடம் புகைத்தவரின் குழாயை எந்த எச்டிஎல்லும் காப்பாற்றாது. கால் தமனியைக் கெடுப்பதில் புகைக்கும் சர்க்கரைக்கும்தான் முதல் இரண்டு இடம். பச்சைக் கலர் லேபின் கம்ப்யூட்டர் போட்டது. உங்கள் காலை அது பார்க்கவில்லை.

என் மனைவிக்கு 102! அவளுக்கு ஒண்ணும் வராதுல்ல?

மிக உயரமான எச்டிஎல் காப்புக் கயிறு இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து 2017-இல் எழுதியதன்படி, இறப்பு மிகக் குறைவாக இருந்த இடம் ஆண்களுக்கு 73, பெண்களுக்கு 93. அதைத் தாண்டி வெகு உயரம் போனவர்களுக்கு இறப்பு மறுபடி கூடியது. 116-க்கு மேலே இருந்த ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. பெண்களில் 135-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் அந்தக் கூடுதல் தெளிவாகத் தெரிந்தது. 102-க்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதை நம்பி எல்டிஎல்லைப் பார்க்காமல் விடவும் கூடாது.

தேங்காய் எண்ணெய் சாப்பிட்டா நல்ல கொழுப்பு ஏறுமாம். செக்கு எண்ணெய்க்கு மாறிட்டோம்.

ஏறும், சுமார் 4 புள்ளி. கூடவே கெட்ட கொழுப்பு 10 புள்ளி ஏறும். பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்து 2020-இல் சொன்ன கணக்கு இது, ஒப்பிட்டது நிறைவுறாத தாவர எண்ணெய்களோடு. செக்கு, மெஷின் என்பது வாசனைக்குத்தான், கொழுப்பின் வகை மாறாது. காலில் அடைப்பு உள்ள ஒருவர் 4-ஐ வாங்க 10-ஐக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

தண்ணி அடிச்சா எச்டிஎல் ஏறும்னு என் மச்சான் சொல்றான்.

ஏறும். மேலே மாத்திரைக் கதையை மச்சானுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நடந்தாலே வலிக்குது, நீங்க நடக்கச் சொல்றீங்க. எச்டிஎல் ஏறுறதுக்கா?

இல்லை. நடந்தால் எச்டிஎல் சில புள்ளிகள் ஏறலாம், அது முக்கியம் இல்லை. நடக்கச் சொல்வது நடக்கும் தூரம் கூடுவதற்கு. வாரத்தில் மூன்று நாளாவது, 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். வலி வரும்வரை நடந்து, நடுத்தரமாக வலித்ததும் நின்று, வலி விட்டதும் மறுபடி நடப்பது. வலி வந்தால் குழாய் கெடுகிறது என்று பயப்பட வேண்டாம். காலில் ஆறாத புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட் விடுவதும் இதே மாதிரிதான். விட்டால் எச்டிஎல் கொஞ்சம் ஏறும். ஏறாவிட்டாலும் விட வேண்டும்.

சிலோஸ்டசால் ஆரம்பிச்ச பிறகு எச்டிஎல் 36-லிருந்து 40 ஆயிடுச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

கவனித்துக் கேட்டிருக்கிறார். சிலோஸ்டசால் எச்டிஎல்லைப் பத்து சதவீதம் போல ஏற்றும், ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். ஆனால் அந்த மருந்தைக் கொடுப்பது வலியில்லாமல் நடக்கும் தூரத்தைக் கூட்டுவதற்கு. அதனால் பார்க்க வேண்டியது ரிப்போர்ட் இல்லை, தெரு. முன்பு பால்காரர் வீட்டோடு நின்றீர்கள், இப்போது பஸ் ஸ்டாண்டு வரை போகிறீர்களா? போகிறீர்கள் என்றால் வேலை செய்கிறது. ஆயுளை நீட்டும் என்று இந்த மருந்துக்கு நிரூபணம் கிடையாது. இதயம் பலவீனமாகி நீர் கோத்தவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை.

எச்டிஎல்லுக்கு மருந்து இல்லைன்னா, ஸ்டேட்டின் மட்டும் எதுக்கு?

ஸ்டேட்டின் எல்டிஎல்லுக்கு. எச்டிஎல் கொஞ்சம் ஏறினாலும் அது உபரி. கால் தமனி நோய் உள்ள 6,748 பேர் இருந்த பிரிட்டன் ஆய்வில், தினமும் 40 மி.கி. சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. இன்னும் கடுமையாக எல்டிஎல்லை இறக்கும் எவோலோகுமாப் ஊசியைப் போட்டுப் பார்த்ததில், காலை எடுப்பது, திடீர் அடைப்பு போன்ற பெரிய கால் கேடுகள் 42 சதவீதம் குறைந்தன. முன்னே சொன்ன இரண்டு கணக்கில், இரண்டாவது கணக்கும் இறங்கியது எல்டிஎல்லைக் குறைத்தபோது. ஐரோப்பிய வழிகாட்டுதல் கால் தமனி நோயாளிக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் விரல் வைக்க வேண்டிய வரி அது.

எனக்கு ஏபிஐ 1.45. அதிகமா இருந்தா நல்லதுதானே, எச்டிஎல் மாதிரி?

எச்டிஎல் மாதிரிதான்: அதிகம் என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. 1.40-ஐத் தாண்டினால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்துவிட்டது, பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் நசுங்கவில்லை என்று பொருள். நீண்ட நாள் சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். அப்போது கால் கட்டை விரலில் சின்னப் பட்டை கட்டி அளந்து, அதைக் கை அழுத்தத்தால் வகுப்போம், விரல் குழாயில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறுவதில்லை. அந்த விகிதம் 0.70-க்குக் கீழே என்றால் அடைப்பு.

இத்தாலியில ஒரு ஊர்ல எச்டிஎல் ரொம்பக் கம்மியாம், ஆனா யாருக்கும் மாரடைப்பே இல்லையாம். வாட்ஸ்அப்ல வந்தது, நிஜமா?

ஊர் நிஜம். கார்டா ஏரிக்கரையில் லிமோனே. அங்கே சில குடும்பங்களில் அப்போ ஏ-1 புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. எச்டிஎல் 10-லிருந்து 30-க்குள், ஆனாலும் குழாய்கள் எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். மிலான் நகரத்து ஆய்வாளர்கள் 1980-இல் எழுதியதால் அதற்கு 'மிலானோ' என்று பெயர். ஊர் முழுக்க அப்படி இல்லை, சில டஜன் பேர்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் டான்ஜியர் தீவு. அங்கே 1960 வாக்கில் ஆரஞ்சு நிறத் தொண்டைச் சதையோடு வந்த பிள்ளைகளுக்கு எச்டிஎல் ஏறக்குறைய இல்லவே இல்லை. செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும் கதவின் மரபணு பழுது என்று 1999-இல் தெரிந்தது. கொழுப்பு செல்களிலேயே தேங்கிவிடுகிறது. இரண்டு ஊரிலும் எச்டிஎல் குறைவுதான். ஒன்றில் வண்டி குறைவு, ஓட்டம் வேகம். மற்றதில் குப்பை வண்டியிலேயே ஏறவில்லை.

அப்ப அந்த நல்ல புரதத்தையே ஊசியா போட்டுட்டா?

போட்டுப் பார்த்தார்கள். மிலானோ புரதத்தை வாரம் ஒன்று வீதம் ஐந்து முறை ஏற்றி, இதயக் குழாய்ப் படிவு கொஞ்சம் கரைந்தது என்று 2003-இல் 47 பேரிடம் காட்டினார்கள். உலகமே துள்ளியது. அதே புரதத்தைப் புதிதாகத் தயாரித்து 2016-இல் மறுபடி பார்த்தபோது பலன் இல்லை.

அடுத்தது இன்னும் பெரிது. மனித ரத்தத்திலிருந்து பிரித்த அப்போ ஏ-1-ஐ, மாரடைப்பு வந்து சில நாளே ஆன 18,219 பேரிடம் வாரம் ஒன்றாக நான்கு முறை சோதித்தார்கள், ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் திரவம். கொலஸ்ட்ரால் இழுக்கும் திறனைப் பல மடங்கு ஏற்றக்கூடிய மருந்து அது. 2024-இல் முடிவு: 90 நாளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மருந்துப் பக்கம் 4.8 சதவீதம், வெறும் திரவப் பக்கம் 5.2 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்று புள்ளியியல் சொல்லிவிட்டது. அதாவது எண்ணை ஏற்றினாலும் பலிக்கவில்லை, வேலைத் திறனைச் சில வாரம் ஏற்றியும் பலிக்கவில்லை. டல்லஸ் கணக்கைப் படித்து நான் வைத்திருந்த நம்பிக்கைக்கும் இதில் ஒரு அடி விழுந்தது.

இவ்வளவு சொல்றீங்களே, அப்ப அந்த எச்டிஎல் வரியை ரிப்போர்ட்லேர்ந்தே எடுத்துட வேண்டியதுதானே?

சிரித்துவிட்டேன், ஆனால் பதில் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் குழாய்க்குள் படியக்கூடிய அத்தனை கொழுப்பும் ஒரே எண்ணில் கிடைக்கும். மொத்தம் 190, எச்டிஎல் 36 என்றால் மீதி 154. ட்ரைகிளிசரைடு ஏறிய சர்க்கரை நோயாளிக்கு, கணக்குப் போட்டு எழுதும் எல்டிஎல்லைவிட இந்த 154 நம்பகமானது. கழிக்க எச்டிஎல் வேண்டும்.

இன்னொன்று, எச்டிஎல் குறைந்து ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால், சர்க்கரை டெஸ்ட் எடுக்காதவரை எடுக்கச் சொல்லுவேன். போன மாதம் ஒருவர் கால் வலி என்று மட்டும் வந்தார், சர்க்கரை எல்லாம் கிடையாது என்றார். எச்டிஎல் 29, ட்ரைகிளிசரைடு 310. ஏபிஐ 0.62. மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 212.